சிறு தொழிற்சாலையின் தகுதியை எதனால் அளப்பது?

சிறு தொழிற்சாலைகள் வளங்குன்றா முறையில் இயங்குகின்றனவா, எண்ணியல் கருவிகளை ஏற்க ஆயத்தமாக உள்ளனவா என்று மதிப்பிடும் பணி இன்று நாடெங்கும் நடைபெறுகின்றது. மைய அரசு 2016ஆம் ஆண்டில் தொடங்கி, 2022இல் வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படிகளாகத் திருத்தியமைத்த இஸட்.இ.டி. சான்றிதழ்த் திட்டம் இதற்குத் தக்க உதாரணமாகும். பழுதற்ற பொருள், சூழலுக்குப் பாதகமற்ற உற்பத்தி என்பன அதன் குறிக்கோள்கள். இவற்றில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. மதிப்பிடுவோர் எதனை முதலில் நோக்க வேண்டும் என்பதே நம் ஆராய்ச்சிக்குரியது.

மிதிவண்டி உறுப்புகளும் திருகாணிகளும் செய்யும் சிறு பட்டறைகள் மலிந்த லூதியானா நகரை எடுத்துக்கொள்வோம். அத்தகைய பட்டறைகள் இரண்டைக் கற்பனை செய்க. ஒன்றில் கணிப்பொறி உண்டு. வரிக் கணக்கிற்கு அன்றி வேறெதற்கும் அது பயன்படுவதில்லை. மற்றொன்றில் கணிப்பொறி இல்லை. ஆயினும் மேஸ்திரி நாள்தோறும் மின்மானியின் அளவையும் உற்பத்தியான சரக்கின் எடையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருகிறார். "கணிப்பொறி உண்டா?" என்று கேட்கும் படிவம் முதற் பட்டறைக்கே மதிப்பெண் வழங்கும். உண்மையில் ஆயத்தமாயிருப்பது இரண்டாவதே.

அளவிடும் பழக்கத்தின் பயனை ஓர் எளிய சோதனையால் காட்டலாம். கம்ப்ரஸர் எனப்படும் காற்றழுத்த யந்திரத்தை இயக்கிவிட்டு, காற்றைப் பயன்படுத்தும் கருவிகள் யாவற்றையும் மூடிவிடுக. யந்திரம் சுமையேற்று 2 நிமிஷமும், சுமையின்றி 6 நிமிஷமும் மாறி மாறி ஓடுமாயின், அதன் திறனில் நாலில் ஒரு பங்கு கசிவிலே போகிறது என்பது தெளிவு. இதற்கு வேண்டிய கருவி கடிகாரம் ஒன்றே. 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று ஏறக்குறைய 3 கிலோவாட் மின்திறனை வீணாக்கும். நாளுக்கு 10 மணி வீதம் 300 நாள் வேலை நடந்தால் இழப்பு 9,000 யூனிட். அதனால் ஒரு திருகாணியேனும் கூடுதலாகக் கிடைப்பதில்லை.

நோட்டுப் புத்தகமே போதும் என்பது நம் கருத்தன்று. பட்டறை பூட்டிய பின்னரும் இரவில் ஓடும் மின்சாரத்தைத் தானே பதிவுசெய்யும் மின்மானி காட்டிக்கொடுக்கும். மேஸ்திரியின் கண்ணுக்கு அது புலப்படாது. ஆனால் பதிவைப் படித்து, அதன்படி வேலைமுறையை மாற்றும் மனிதர் இல்லாவிடத்து, விலையுயர்ந்த கருவியும் சுவரில் தொங்கும் அலங்காரமே ஆகும்.

இதனைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடவும் இயலாது. இறக்குமதியாகும் இரும்பு, எஃகுப் பொருள்களின் உற்பத்தியில் வெளியான கரிவளியின் கணக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் முதல் தன் இறக்குமதியாளர்களிடம் கேட்டு வருகின்றது. திருகாணியும் மரையாணியும் அப்பட்டியலில் அடங்கும். மின்சாரமும் எரிபொருளும் எவ்வளவு செலவாயின என்று அறியாத பட்டறை அக்கணக்கை எங்ஙனம் தரும்?

ஆதலின், களப்பணியாளர்கள் படிவத்தை நிரப்புமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம்: எதனை அளக்கிறீர்கள்? அதனைப் படிப்பவர் யார்? சென்ற மாதம் அதனால் மாற்றிய செயல் எது? தொழிற்பயிற்சி ஆசிரியர்கள் மேற்கூறிய கசிவுச் சோதனையை மாணவரைக் கொண்டு பயிற்சிப் பட்டறையிலேயே நடத்திக் காட்டலாம். அளக்கப் பழகிய கைக்கு எண்ணியல் கருவி எளிதில் வசப்படும்.