சொன்ன சொல் போய்ச் சேர வேண்டும்

திருமணத்தில் கொடுத்த வாக்கைக் காப்பது என்றால், துரோகம் செய்யாமல் இருப்பது என்றே பலரும் எண்ணுகிறோம். அது பாதிதான். மறுபாதியைச் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த பெண்களிடம் கற்கலாம்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சில வாரங்களில் ஐரோப்பியக் குடிமக்கள் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் ஒரு பக்கம், ஆண்கள் வேறொரு பக்கம். படையிலிருந்த கணவன்மார் சற்றுத் தள்ளிப் போர்க்கைதிகள் முகாமில் இருந்தார்கள். கணவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட மனைவிக்குத் தெரியாது.

கனடாவைச் சேர்ந்த எதெல் மல்வெனி ஒரு வழி கண்டுபிடித்தார். காயம்பட்ட வீரர்களின் மருத்துவமனைக்குப் போர்வை தைத்துத் தருகிறோம் என்று அனுமதி பெற்றார். ஆளுக்கொரு சதுரத் துணி. அதில் தன் பெயரையும், தன்னைப் பற்றிய ஏதேனும் ஒன்றையும் பூத்தையல் போட வேண்டும். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, ஜப்பானிய வீரர்களுக்கென மூன்று போர்வைகள் உருவாயின. ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். அந்தப் பெயர்கள் முகாமை எட்டியபோது, தன் மனைவி உயிரோடு இருக்கிறாள் என்பதைக் கணவன் அறிய ஒரு வழி பிறந்தது.

அதே சிறையில் இருந்தவர் எலிசபெத் என்னிஸ். நகரம் வீழ்வதற்குச் சில நாள் முன்புதான் ராணுவ மருத்துவர் ஜாக் என்னிஸை மணந்திருந்தார். மணக்கோலம் கலையுமுன்னே பிரிவு. மூன்றரை ஆண்டுகள் இருவரும் வெவ்வேறு முகாம்களில் கிடந்து, 1945இல் விடுதலைக்குப் பிறகே சேர்ந்து வாழத் தொடங்கினார்கள்.

கொடுத்த வாக்கைத் தெரியப்படுத்துவதே அந்த மறுபாதி. வேதமும் இதைத்தான் காட்டுகிறது. ஜலப்பிரளயத்துக்குப் பின் நோவாவுக்கு வாக்குக் கொடுத்த தேவன், அதை மனதுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. யாவரும் பார்க்கும்படி வானவில்லை அடையாளமாக வைத்தார். நாமும் மூன்று ஞாயிறு ஆலயத்தில் திருமண ஓலை வாசிக்கிறோம். சபையார் முன் வாய்திறந்து உறுதி சொல்கிறோம். வாக்கு என்பது மற்றவர் காதில் விழ வேண்டியது. அதனால்தான் இத்தனையும்.

திருமணம் முடிந்ததும் அந்த வாய் ஏன் மூடிக்கொள்கிறது? கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் உழைக்கும் நம் சகோதரர்கள் ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் கூடுகிறார்கள். கையில் கைபேசி, மறுமுனையில் ஊரிலிருக்கும் மனைவி. பணம் வந்ததா, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்றா என்று பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரே வீவக வீட்டில் வாழும் தம்பதிகளிலும் பலர் இப்படித்தான். "சொல்லித்தானா தெரியணும்?" என்கிறோம்.

ஆம், சொல்லித்தான் தெரிய வேண்டும். நேசம் உள்ளுக்குள் இருந்தால் போதாது. தனித்திருப்பவரின் மனதில் சந்தேகம் முளைக்க நம் மௌனமே போதும். தனக்கு நட்டம் வந்தாலும் சொன்ன சொல் மாறாதவனை 15ஆம் சங்கீதம் மெச்சுகிறது. அப்படி மாறாதிருப்பவர்கள், மாறவில்லை என்பதைத் துணைக்குத் தெரிவிக்கவும் வேண்டும். தூரத்தில் இருப்பவரானால் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அடுத்த அறையில் இருப்பவரானால் எழுந்துபோய்ச் சொல்லுங்கள்: "நான் உனக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது."