பார்த்தோம் என்பதற்குச் சான்று

நவம்பர் பிறந்துவிட்டால் டெல்லியின் வங்கிக் கிளைகளில் ஓய்வூதியர்களின் வருகை மிகும். அவர்கள் உயிர்வாழ்வுச் சான்று அளிக்கும் மாதம் அது. 2014ஆம் ஆண்டில் ஜீவன் பிரமாண் என்னும் மின்னணுச் சான்று முறை அறிமுகமாயிற்று. இன்று வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் முகத்தைக் காட்டினாலும் போதும். ஆயினும் நேரில் வர விரும்புவோர் பலர் உள்ளனர்.

சென்ற நவம்பரில் அவ்வாறு வந்த தமிழ்ப் பெரியவர் ஒருவரின் படிவத்தை வாங்கினோம். ஓய்வூதிய ஆணை எண்ணைச் சரிபார்த்தோம். கையொப்பமிட்டு முத்திரையும் வைத்தோம். அவர் நகரவில்லை.

"சார், கையெழுத்துப் போட்டீர்களே, அந்த வரியைப் படித்தீர்களா?" என்றார்.

படித்தோம். இவ்வோய்வூதியரை நேரில் பார்த்தோம், இவர் இன்று உயிருடன் இருக்கிறார் என்பதே அவ்வரியின் பொருள். நாமோ தாளையும் கணினித் திரையையும் பார்த்தோமேயன்றி, அவர் முகத்தை ஒரு கணமும் பார்க்கவில்லை. வெட்கத்துடன் நிமிர்ந்தோம். அவர் புன்னகைத்தார். "இப்போது இந்தச் சான்று செல்லும்" என்று கூறி விடைபெற்றார்.

அன்று மாலை நாடாளுமன்ற வீதி வழியே திரும்புகையில், இந்திய ரிசர்வ் வங்கி வாயிலில் நின்றோம். சாந்திநிகேதனின் சிற்பி ராம்கிங்கர் பைஜ் வடித்த யட்சன், யட்சி சிலைகள் அங்கே இருபுறமும் நிற்கின்றன. 1950களில் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பணி அது. தக்க கல்லைத் தேடிச் செதுக்கி முடிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. யட்சன் ஒரு கையில் பற்சக்கரமும் மறு கையில் பணப்பையும் ஏந்தியுள்ளான். யட்சி வேளாண்மையின் வளத்தைக் குறிப்பவள். பணத்தோடு வாழ்பவர்களாகிய நாம் அவ்வழியே எத்தனையோ முறை சென்றும், அந்தப் பணப்பையை அன்றுதான் கண்டோம்.

அழகைக் காண விடுமுறையும் மலைவாசத்தலமும் வேண்டும் என்று எண்ணுகிறோம். அவை நன்றே. எனினும் அன்றாட வழியில் இருப்பதைக் காணப் பழகாத கண், மலையுச்சியிலும் கைப்பேசியையே பார்க்கும். வரிசை நீண்டிருக்கையில் ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருக்க இயலுமா என நம் சக அலுவலர்கள் கேட்கலாம். முத்திரை பதிக்க ஆகும் நேரம்கூட ஒரு முகத்தை நிமிர்ந்து பார்க்க ஆகாது என்பதே நம் அனுபவம். வேகம் சேவைக்குத் தேவைதான். ஆனால் முகம் மறந்த வேகம் சேவையாகாது.

இது வாடிக்கையாளர்களுக்கும் பொருந்தும். டோக்கனுடன் காத்திருக்கும் வேளையில், அருகிலிருப்பவரை ஒருமுறை பாருங்கள். பல ஆண்டுகளாக நீங்கள் வந்துபோகும் கிளையின் காவலரையும் பாருங்கள். கவுன்டரில் அமர்ந்திருப்பவர் தலை நிமிராதிருந்தால், அந்தப் பெரியவரைப் போல் உரிமையுடன் கேளுங்கள். நிமிர்ந்து பார்ப்பது எம் கடமை.