பாடசாலை வாசலில் என்ஜினை நிறுத்துங்கள்

2022 டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை. வளி மாசு என்று சொல்லி அரச பாடசாலைகளை மூடினார்களே, ஞாபகம் இருக்கிறதா? மாண்டஸ் புயல் நேரம், இந்தியப் பக்கமிருந்து மாசுபட்ட காற்று வந்தது. அது உண்மைதான். ஆனால் அன்றிலிருந்து வளி மாசு என்றாலே டில்லிக்காரர்களின் பிரச்சினை என்று நம்மில் பலர் முடிவு கட்டிவிட்டோம். அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

லண்டனில் எலா கிஸ்ஸி-டெப்ரா என்று ஒரு பிள்ளை. வீட்டிலிருந்து சுமார் 25 மீற்றரில் எந்நேரமும் வாகனம் ஓடும் பெருவீதி. கடும் ஆஸ்துமா. மூன்று வருடத்துக்குள் முப்பது தடவை அளவில் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். 2013 பெப்ரவரியில் இறந்துபோனாள். ஒன்பது வயது. அந்த மரணத்துக்கு வளி மாசும் காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணையில் தீர்ப்பானது. பிரித்தானியாவில் அப்படிப் பதிவானது அதுவே முதல் தடவை. அந்த விசாரணையில் வெளிவந்த இன்னொரு விசயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. வீதிப் புகை பிள்ளையின் நோயைக் கூட்டும் என்று அந்தத் தாய்க்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றரை மணிக்கு மணி அடிக்கிறது. ஒரு மணியிலிருந்தே நம் வாசலில் வேன்களும் ஆட்டோக்களும் என்ஜினை ஓடவிட்டபடி வரிசையில் நிற்கின்றன. ஏசிக்காகவாம்! புகைக்குழாய் இருக்கிற உயரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் முதலாம் ஆண்டுப் பிள்ளையின் மூக்கு. அந்தப் புகையிலுள்ள நுண்துகள் தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒன்றுக்கும் குறைவு. நுரையீரலின் அடிவரை போய் இரத்தத்திலும் கலக்கும். புத்தகப் பையில் பம்ப் வைத்துக்கொண்டு வரும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள்.

போதாததற்கு, மதில் ஓரத்தில் பொலித்தீன் எரிப்பு. திறந்த வெளியில் பிளாஸ்டிக் எரிப்பது 2017 செப்டெம்பர் முதல் சட்டப்படி தடை. யார் கேட்கிறோம்?

"பழைய பஸ்களை விட்டுவிட்டு எங்களிடம் வருகிறீர்களே சேர்" என்பீர்கள். நியாயம்தான், அதை அரசாங்கம் பார்க்க வேண்டும். பெய்ஜிங்கில் 2013இல் 89.5 ஆக இருந்த நுண்துகள் அளவு 2021இல் 33க்கு இறங்கியது. நிலக்கரியையும் வாகனங்களையும் அரசு கட்டுப்படுத்தியதால் வந்த மாற்றம் அது. அதுகூட உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் 5ஐ விடப் பல மடங்கு. ஆனால் நம் வாசலில் சாவியைத் திருப்புவதற்கு எந்த அமைச்சும் வரத் தேவையில்லை.

திங்கட்கிழமை முதல் வேன்களை மைதானத்துப் பக்கம் நிறுத்துங்கள். இரண்டு நிமிட நடைதான், பிள்ளைகளை நாங்கள் வரிசையாகக் கூட்டி வருகிறோம். மழை என்றால் வாசலுக்கே வாருங்கள், என்ஜினை மட்டும் நிறுத்திவிடுங்கள். இன்ஷா அல்லாஹ் நானும் வாசலில் நிற்பேன்.