கூகுளுக்கு நாலு வழி, நமக்கு ஒரே வழி

 

"கூகுள் எல்லாத்தையும் இலவசமாத்தானே தாறான், அவன் மேல என்னத்துக்கு வழக்கு?" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் நம்ம கடைத்தெருவிலேயே இருக்கிறது.

ஒரு மொத்த வியாபாரி கடைக்காரரிடம் சொல்கிறார்: "சீனி வேணுமென்டா என்ட சவர்க்காரம், தேயிலை எல்லாத்தையும் எடுக்கணும். அதையும் முன் தட்டில வைக்கணும்." சீனிக்கு அவரை விட்டால் ஆளில்லை. இதை வியாபாரம் என்பீர்களா, அநியாயம் என்பீர்களா?

பிளே ஸ்டோர்தான் அந்தச் சீனி. அது வேண்டிய போன் கம்பனி கூகுளின் மற்றச் செயலிகளையும் சேர்த்தே போட வேண்டியிருந்தது. இது குற்றம் என்று இந்தியப் போட்டி ஆணைக்குழு 2022 ஒக்டோபரில் 1,337.76 கோடி இந்திய ரூபா அபராதம் போட்டது. முறைப்பாடு செய்தது பெரிய கம்பனி அல்ல, மூன்று இளையவர்கள்!

மாட்டிக்கொண்ட கம்பனி என்ன செய்யும்?

ஒன்று, இழுத்தடிக்கும். கூகுள் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஜனவரியில் அங்கே இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. ஆனால் மார்ச்சில் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்துகொண்டே, பத்து உத்தரவுகளில் நாலை நீக்கியது. இழுத்ததில் இலாபம்தான்.

இரண்டு, பயமுறுத்தும். இந்த உத்தரவால் போன் விலை கூடும் என்றது. ஏழையின் பெயரால் பணக்காரன் பேசும் பழைய தந்திரம்.

மூன்று, பேருக்குப் பணியும். பிளே ஸ்டோர் கட்டணம் பற்றிய வேறொரு வழக்கில், செயலி செய்பவர் வேறு கட்டண முறையையும் வைக்கலாம் என்று விட்டது. ஆனால் அப்படி வரும் பணத்திலும் 15 வீதத்துக்குப் பதில் 11 வீதம் தா என்றது. கதவைத் திறந்துவிட்டு வாசலில் உண்டியல் வைத்த கதை.

நாலு, பிடிபட்ட இடத்தில் மட்டும் திருந்தும். 2023 ஜனவரி 25இல், போன் கம்பனிகள் செயலிகளைத் தனித்தனியே எடுக்கலாம், பாவனையாளர் தேடல் இயந்திரத்தைத் தெரிவு செய்யலாம் என்று அறிவித்தது. யாருக்கு? இந்தியாவுக்கு மட்டும். பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம்மை அது கணக்கில் எடுக்கவில்லை.

ஏன் எடுக்க வேண்டும்? நம்மிடம் பயப்பட என்ன இருக்கிறது? ஏகபோகத்தையும் கம்பனி இணைப்பையும் விசாரிக்க 1987இல் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் இருந்தது. 2003இன் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வந்தபோது அந்தப் பகுதிகள் கைவிடப்பட்டன. இன்று அதிகார சபை அரிசிக் கடையில் விலைப் பட்டியல் தேடுகிறது. சில்லறைக் கடைக்காரனுக்கு ரெய்ட், கூகுளுக்கு ஒரு கடிதம்கூட இல்லை.

"நாம சின்ன நாடு, நாம சொன்னா கேப்பானா?" என்பார்கள். சின்ன நாடு என்பதற்காகச் சட்டமே வேண்டாமா? இந்தியாவுக்குக் கொடுத்ததை எங்களுக்கும் கொடு என்று கேட்பதற்காவது ஒரு சட்டம் வேண்டுமே. சந்தையை ஒருவன் முடக்கி வைப்பதை, இஹ்திகாரை, நம் மார்க்கம் கண்டிக்கிறது. அது அரிசி மூட்டைக்கு மட்டுமான சட்டமா?

இந்தத் தெருக்களில் எத்தனை வீட்டில் பிள்ளைகளை சொஃப்ட்வெயார் படிக்க அனுப்பக் கடன் வாங்குகிறோம்! நாளை அந்தப் பிள்ளை ஒரு செயலி செய்து விற்றால், வாசலில் நின்று பங்கு கேட்பவன் யார், எவ்வளவு கேட்கலாம் என்பதை அவனே தீர்மானிப்பான். படிப்பிப்பது மட்டும் நம் கடமை என்று நான் நினைக்கவில்லை.

வாக்குக் கேட்டு வருபவர்களிடம் கான், பாதையோடு இதையும் கேளுங்கள்: 2003ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, ஏகபோகத்தை விசாரிக்கும் அதிகாரத்தைத் திரும்பக் கொண்டு வருவீர்களா? இணையக் கம்பனிகளையும் அதில் சேர்ப்பீர்களா?

ஆம் என்றால் எப்போது என்றும் கேளுங்கள்.