‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று சொல்வதற்கு முன்

நீதிமன்றம் என்றதும் பலருடைய நினைவுக்கு வருபவை கொலை வழக்குகளும் பெரும் ஊழல் வழக்குகளும்தான். நாளிதழ்களின் முதல் பக்கத்தில் இடம்பிடிப்பவையும் அவையே. ஆனால், சாதாரண மக்கள் சட்டத்தை நேருக்கு நேர் சந்திக்கும் இடம் பெரும்பாலும் அவரவர் ஊரில் உள்ள மாஜிஸ்திரேட் நீதிமன்றமே. உரிமமின்றி மோட்டார்சைக்கிள் ஓட்டியவர், கடையில் சிறு பொருளைத் திருடியவர், கைகலப்பில் ஈடுபட்டவர் எனப் பலரும் காலை வேளையில் அங்குக் காத்திருப்பர். ஒருவருடைய வழக்கு சில நிமிடங்களிலேயே முடிந்துவிடவும் கூடும். அந்தச் சில நிமிடங்களில் அவர் சொல்லும் ஒரு சொல், அவருடைய வேலையையும் குடும்ப வருமானத்தையும் எதிர்காலத்தையும் மாற்றிவிடலாம். அச்சொல்லை அவர் பொருள் புரிந்து சொல்கிறாரா என்பதே நீதிமன்றத்தில் கேட்கப்பட வேண்டிய முதன்மையான கேள்வி.

கன்றின்மீது தேரை ஏற்றிய மகனையே தண்டித்த மனுநீதிச் சோழனின் கதையைத் தமிழ் மாணவர்கள் அறிவர். ஒரு வகையில் அதுவும் சாலையில் நேர்ந்த மரணம் பற்றிய வழக்குதான். அக்கதையில் முறையீட்டைக் கேட்டவரும், விசாரித்தவரும், தீர்ப்பு வழங்கியவரும் மன்னர் ஒருவரே. அவர் நேர்மையாளர் என்பதால் நீதி நிலைத்தது. அவர் தவறியிருந்தால் தட்டிக்கேட்க எவரும் இருந்திருக்க மாட்டார். இக்காலச் சட்டம் ஒரு மனிதரின் நேர்மையை மட்டும் நம்பியிருப்பதில்லை. மன்னர் ஒருவரே செய்த பணிகளை அது பலருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது.

மலேசியாவில் ஒரு குற்றம் நிகழ்ந்தால், புகாரைப் பெற்று விசாரிப்பது போலீசாரின் பணி. விசாரணை அறிக்கையை ஆராய்ந்து, நீதிமன்றத்தில் குற்றம் சாட்டுவதா, கைவிடுவதா என்று முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கூட்டரசு அரசியலமைப்பின் 145ஆவது பிரிவு சட்டத்துறைத் தலைவருக்கு வழங்கியுள்ளது. அவர் சார்பில் அரசுத் தரப்புத் துணை வழக்கறிஞர்கள் வழக்குகளை நடத்துகின்றனர். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரியோ, சாலைப் போக்குவரத்துத் துறை போன்ற அரசாங்கத் துறையின் அதிகாரியோ அனுமதி பெற்று வழக்கை நடத்துவதும் உண்டு. தீர்ப்பளிப்பது மாஜிஸ்திரேட்டின் பொறுப்பு. அவர் போலீசாரின் பக்கமும் நிற்பதில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கமும் நிற்பதில்லை.

குற்றத்தின் தன்மைக்கேற்ப வழக்கு செல்லும் நீதிமன்றமும் வேறுபடும். பொதுவாக 10 ஆண்டுகளுக்கு மேற்படாத சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களை முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் விசாரிக்கலாம். அதற்கும் கடுமையான குற்றங்களைச் செஷன்ஸ் நீதிமன்றமும், மரண தண்டனைக்குரிய குற்றங்களை உயர் நீதிமன்றமும் விசாரிக்கின்றன.

போக்குவரத்துக் குற்றங்கள் எல்லாம் நீதிமன்றம் வரை போவதில்லை. சிறு குற்றங்களுக்குச் சம்மன் வழங்கப்படுகிறது. குறிப்பிட்ட தொகையைச் செலுத்தினால் அவ்விவகாரம் அத்துடன் முடிகிறது. தள்ளுபடி அறிவிப்பு வரட்டும் என்று அதைச் செலுத்தாமல் காத்திருப்போரும் உளர். செலுத்தாத சம்மன் ஒரு நாள் வழக்காக மாறலாம். நீதிமன்றம் குறிப்பிட்ட நாளில் வரத் தவறினால் கைது ஆணையும் பிறப்பிக்கப்படலாம். மறுபுறம், போதையில் வண்டி ஓட்டுதல், ஆபத்தாக ஓட்டுதல், உயிரிழப்பை விளைவித்தல் போன்றவை நீதிமன்றத்தில்தான் தீர்க்கப்படும். 2020இல் திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, போதையில் வண்டி ஓட்டி ஒருவருக்கு மரணம் விளைவிப்பவருக்கு 10 முதல் 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

வழக்கு நீதிமன்றத்திற்கு வந்ததும் முதலில் குற்றச்சாட்டு வாசித்து விளக்கப்படுகிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு இரண்டு வழிகள் உள்ளன. அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம்; அல்லது மறுத்து விசாரணை கோரலாம். ஒப்புக்கொள்பவர் தம் ஒப்புதலின் தன்மையையும் விளைவுகளையும் புரிந்திருக்கிறாரா, எந்த நிபந்தனையுமின்றி ஒப்புக்கொள்கிறாரா என்பதை மாஜிஸ்திரேட் உறுதிசெய்துகொள்ள வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவு இதை ஒரு கடமையாகவே விதித்துள்ளது. “மோதியது உண்மைதான், ஆனால், திடீரென்று பிரேக் பிடிக்கவில்லை” என்று ஒருவர் கூறினால், அது முழுமையான ஒப்புதல் ஆகாது. அத்தகைய வழக்கு விசாரணைக்குச் செல்வதே முறை.

சட்டம் இவ்வளவு கவனம் காட்டுவதற்குக் காரணம் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவையோ அதன் சட்டப்பூர்வத் தன்மையையோ எதிர்த்து மட்டுமே மேல்முறையீடு செய்ய முடியும். ‘நான் குற்றம் செய்யவில்லை’ என்று மேல்முறையீட்டில் வாதிடும் வாய்ப்பு அவருக்கு இல்லை. கொட்டிய பாலை மீண்டும் அள்ள முடியாது.

இதன் கடுமையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஒரு லோரி ஓட்டுநர், மழை பெய்த மாலை வேளையில் முன்னால் நின்ற காரை மோதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். கவனக்குறைவாக ஓட்டியதாக அவர்மீது குற்றம் சாட்டப்பட்டால், சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 43ஆவது பிரிவின்கீழ் 4,000 முதல் 10,000 ரிங்கிட் வரை அபராதமும், 12 மாதங்கள் வரை சிறையும் விதிக்கப்படலாம். ஆபத்தாக ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டாலோ, 42ஆவது பிரிவின்கீழ் 5 ஆண்டுகள் வரை சிறையும் 5,000 முதல் 15,000 ரிங்கிட் வரை அபராதமும் காத்திருக்கின்றன. ஓட்டுநர் உரிமமும் பறிபோகும். ‘கவனக்குறைவு’, ‘ஆபத்து’ ஆகிய இரண்டு சொற்களுக்கு இடையில் ஒரு குடும்பத்தின் பிழைப்பே அடங்கியிருக்கிறது.

அந்த ஓட்டுநருக்கு அன்று ஒரு நாள் சம்பளம் போய்விட்டது. வழக்கறிஞரை அமர்த்தப் பணம் இல்லை. வழக்கு மீண்டும் மீண்டும் தள்ளிப்போனால் முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிடுவாரோ என்ற அச்சமும் இருக்கிறது. ‘மோதியது நான்தானே, ஒப்புக்கொண்டு வேலையைப் பார்ப்போம்’ என்று அவர் நினைக்கக்கூடும். மோதியதை ஒப்புக்கொள்வது வேறு. ஆபத்தாக ஓட்டியதை ஒப்புக்கொள்வது வேறு. இந்த வேறுபாட்டை அவருக்கு யாரேனும் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். குற்றச்சாட்டை மறுபரிசீலனை செய்யுமாறு அரசுத் தரப்புக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்க முடியும் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

விசாரணை கோருவதை நீதிமன்றத்தை எதிர்க்கும் செயலாகச் சிலர் கருதுகின்றனர். அது தவறான எண்ணம். குற்றத்தை நிரூபிக்க வேண்டிய கடமை அரசுத் தரப்புக்கே உரியது. சாட்சிகளை அழைப்பதும், ஆவணங்களையும் படங்களையும் முன்வைப்பதும் அத்தரப்பின் பொறுப்பு. அச்சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை எதிர்த்தரப்புக்கு உண்டு. அரசுத் தரப்பின் சான்றுகள் போதவில்லை என்றால், குற்றம் சாட்டப்பட்டவர் வாய் திறக்கும் முன்பே விடுதலை பெறலாம். போதுமெனத் தோன்றினால் அவர் தற்காப்பு வாதம் செய்ய அழைக்கப்படுவார். இறுதியில், நியாயமான ஐயத்திற்கு இடமின்றிக் குற்றம் நிரூபிக்கப்பட்டால் மட்டுமே தண்டனை உண்டு.

இவ்வளவு விளக்கமும் பொறுமையும் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று சிலர் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. நீதிமன்றங்களில் வழக்குகள் குவிகின்றன. ஒவ்வொருவரும் விசாரணை கோரினால், விபத்தில் பாதிக்கப்பட்டவர்கள்தாம் தீர்ப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரிடும். உண்மையிலேயே குற்றம் செய்தவர் அதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்வது நல்ல பண்பு. அது நீதிமன்றத்தின் நேரத்தை மிச்சப்படுத்துவதால், தண்டனையைக் குறைக்கும் காரணமாகவும் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால், விரைவு வேறு, அவசரம் வேறு. ஒருவருக்கு அவருடைய குற்றச்சாட்டை எளிய சொற்களில் விளக்கச் சில நிமிடங்களே போதும். அந்தச் சில நிமிடங்களை மிச்சப்படுத்தப்போய், ஒருவருடைய பல ஆண்டுகளைப் பறித்துவிடக் கூடாது.

மொழியும் இங்கு முக்கியமானது. நீதிமன்றத்தின் மொழி தேசிய மொழி. அதில் அன்றாடம் பேசத் தெரிந்தவருக்குக்கூடச் சட்டச் சொற்கள் விளங்காமல் போகலாம். அதனால்தான் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளர்கள் பணியாற்றுகின்றனர். வெட்கத்தாலோ அச்சத்தாலோ ‘புரிகிறது’ என்று தலையாட்டுவதைவிட, ‘எனக்குத் தமிழில் விளக்க வேண்டும்’ என்று கேட்பதே அறிவுடைமை. அதைக் கேட்பவர் சலுகை கேட்கவில்லை, தமக்குரியதைக் கேட்கிறார். வழக்கறிஞரை அமர்த்த வசதி இல்லாதவர்களுக்காக, 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறவாரியம் குற்றவியல் வழக்குகளில் உதவி வருகிறது. இத்தகைய உதவி இருக்கிறது என்ற செய்தி, அது தேவைப்படுவோரின் காதுக்கு எட்ட வேண்டும். கோயில் அறிவிப்புப் பலகையிலும் சமூக மண்டபத்திலும் பள்ளியிலும் அது இடம்பெறலாம்.

இளையோருக்கும் இவ்விவகாரம் தொலைவானதன்று. மலேசியாவில் 16 வயதில் மோட்டார்சைக்கிள் உரிமமும் 17 வயதில் கார் உரிமமும் பெறலாம். அதற்கு முன்பே பக்கத்துக் கடைக்குத்தானே என்று அண்ணனுடைய மோட்டார்சைக்கிளை எடுத்துச் செல்வோர் பலர். உரிமமின்றி ஓட்டுவதற்கு 300 முதல் 2,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. 18 வயது நிரம்பாதவர்களின் வழக்குகளை, 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்கீழ் அமைந்த சிறார் நீதிமன்றம் பொதுவாக விசாரிக்கிறது. அங்கு மாஜிஸ்திரேட்டுக்குத் துணையாக இரண்டு ஆலோசகர்கள் அமர்வர். அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை; சிறாரின் பெயரையும் படத்தையும் வெளியிடவும் கூடாது. தவறு செய்த பிள்ளைக்குத் திருந்தும் வழியை அடைத்துவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

ஆகவே, சட்டத்தின் நடைமுறையை அறிவது சட்டத்திலிருந்து தப்பிக்கும் தந்திரம் ஆகாது. அதை அறிந்தவர் சம்மனைக் குப்பையில் வீசமாட்டார்; குறித்த நாளில் நீதிமன்றத்திற்கு வருவார்; செய்த தவற்றை நேர்மையுடன் ஒப்புக்கொள்வார்; செய்யாத தவற்றை அச்சத்தால் ஏற்கவும் மாட்டார். சாலை விதிகளைக் கற்பிக்கும் பள்ளிகள், குற்றச்சாட்டு வாசிக்கப்படும்போது ஒருவருக்குள்ள உரிமைகளையும் பொறுப்புகளையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். மாணவர்களும் கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் எடுத்துச் சொல்லலாம். ‘குற்றச்சாட்டு புரிகிறதா?’ என்று நீதிமன்றம் கேட்கும்போது, ஒருவர் உண்மையாகவே புரிந்துகொண்டு பதில் சொல்ல வேண்டும். அப்பதிலின்மீது எழும் தீர்ப்பையே மக்கள் நீதி என்று ஏற்பர்.