கையெழுத்து வைக்க முன்னர் ஒரு தடவை சட்டத்தரணியைப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை இந்த மெயின் வீதியோரம் வாழும் நம் எல்லோருக்கும் உரிய விடயம் இது.

ஒரு விபத்து நடந்தால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். காயப்பட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முன்னமே படம் வட்ஸ்அப்பில் வந்துவிடும். மூன்றாம் நாள் இஷாவுக்குப் பிறகு இரண்டு பக்கத்தாரும் பள்ளியில் கூடுவார்கள். "நடந்தது கத்ர். கோடு கச்சேரி என்று அலையாமல் பேசி முடிப்போம்" என்பார் ஒரு பெரியவர். ஒரு தொகை பேசப்படும். "எங்களுக்கு இனி எந்த முறைப்பாடும் இல்லை" என்று ஒரு கடிதம் எழுதப்படும். கையெழுத்து, ஸலவாத், பிளேன்டீ. எல்லாம் முடிந்தது.

அப்படியொரு கடிதத்தை நாங்களும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வாத்தியார்மாரின் எழுத்து அழகு என்றுதானே கூப்பிடுவார்கள். மேசன் வேலை செய்யும் ஒரு வாப்பா. மோட்டார் சைக்கிளில் வரும்போது ஒரு வேன் திருப்பத்தில் அடித்துவிட்டது. கால் முறிவு. 60,000 ரூபாவுக்கு மூன்றாம் நாளே பேசி முடித்தார்கள். "நல்ல காரியம் செய்தோம்" என்ற நினைப்போடுதான் நாங்கள் வீட்டுக்கு வந்தோம்.

ஏழெட்டு மாதம் கழித்து அவருடைய மகன் பத்தாம் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். விசாரித்தால், ஹார்ட்வெயார் கடை ஒன்றில் வேலைக்கு நிற்கிறானாம். வீட்டுக்குப் போனோம். எலும்பு ஒழுங்காகப் பொருந்தவில்லை, இரண்டாவது ஒப்பரேஷனும் நடந்துவிட்டது, சாரத்தில் ஏறி வேலை செய்ய இனி முடியாது என்றார்கள். பிள்ளையின் உம்மா கேட்டா: "இனி ஒண்டும் செய்ய ஏலாதா சேர்? நீங்கதானே அந்தக் கடிதம் எழுதினீங்க."

எங்களிடம் பதில் இருக்கவில்லை.

பிறகு தெரிய வந்த விடயம் இன்னும் வேதனையானது. அந்த வேனுக்குக் காப்புறுதி இருந்திருக்கிறது. வேன்காரத் தம்பியோ மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் அந்த 60,000ஐக் கொடுத்திருக்கிறார். பணம் கொடுக்கக்கூடிய ஒரே தரப்பை வெளியே வைத்துவிட்டு, இரண்டு ஏழைகளையும் உள்ளே வைத்துப் பேசி முடித்திருக்கிறோம்.

இதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வீதியில் ஓடும் வாகனத்துக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். வாகனத்தால் இன்னொருவருக்கு உயிரோ உடம்போ பாதிக்கப்பட்டால் அதற்குரிய நட்டஈட்டைக் கொடுப்பதற்கே அந்தக் காப்புறுதி. ஒவ்வொரு வருடமும் நாமெல்லாம் கட்டும் பணம் அது. ஆனால் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரியாமல் சாரதி தானாகப் பிழையை ஏற்றுப் பணம் கொடுத்துவிட்டால், "எங்கள் சம்மதமில்லாமல் பேசினீர்கள்" என்று அவர்கள் கையை விரிக்க இடமுண்டு. ஆகவே "அவனும் ஏழைதானே" என்ற இரக்கம் நல்லது. ஆனால் அந்த இரக்கத்தைச் சரியான வழியில் காட்டினால் இரண்டு வீடும் தப்பும்.

அதற்காக எல்லா விபத்துக்கும் சட்டத்தரணி தேவை என்று நாங்கள் சொல்லவில்லை. கண்ணாடி உடைந்தது, பம்பர் நெளிந்தது, ஒருவருக்கும் காயமில்லை என்றால் காப்புறுதிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், தேவையென்றால் பொலிஸில் ஒரு என்ட்ரி போடுங்கள், பேசி முடியுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசில் பம்பரையே மாற்றலாம்.

ஆனால் மூன்று சந்தர்ப்பங்களில் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்காமல் எதிலும் கையெழுத்து வைக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒன்று, எலும்பு முறிவு, தலையடி, கண், முதுகு என்று முடிவு தெரியாத காயம். மூன்றாம் நாளில் டொக்டருக்கே தெரியாத முடிவுக்கு நாம் எப்படி விலை பேசுவது? இரண்டு, மௌத். மூன்று, காயப்பட்டவர் சிறுபிள்ளையாக இருப்பது.

மௌத்தான வீட்டை நினைத்துப் பாருங்கள். மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருக்கிறா. பிள்ளைகள் சின்னது. வெளியே சாச்சாவும் மாமாவும் பேசி முடிக்கிறார்கள். தவறுதலாக நடந்த கொலைக்கு நஷ்டஈட்டைக் குடும்பத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்றும், அதை விட்டுக்கொடுப்பது குடும்பத்தின் விருப்பம் என்றும் சூரத்துன் நிஸாவின் 92ஆம் வசனம் சொல்கிறது. விட்டுக்கொடுக்கும் உரிமை உரியவருக்குத்தான். யதீம் பிள்ளைகளின் ஹக்கை மன்னிக்க நாம் யார்? கத்ரை ஏற்பது ஈமான். அநாதையின் உரிமையைக் கணக்குப் பார்க்காமல் விடுவதைக் கத்ர் என்று சொல்ல முடியாது.

பொலிஸ் வழக்குப் போட்டால் போதும்தானே என்று பலர் நினைக்கிறார்கள். நீதவான் நீதிமன்றத்தில் நடப்பது சாரதிக்கு எதிரான குற்ற வழக்கு. அங்கே விதிக்கப்படும் தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகிறது. நீதவான் ஏதாவதொரு தொகையை நட்டஈடாகக் கொடுக்கச் சொல்லலாம். ஆனால் இழந்த உழைப்பு, வைத்தியச் செலவு, குடும்பத்தின் பராமரிப்பு என்று முழுக் கணக்கையும் கேட்பதென்றால் அது மாவட்ட நீதிமன்றத்தில் போடும் தனி வழக்கு. அதற்குப் பொதுவாக 2 வருடம்தான் தவணை. விபத்து நடந்த நாளிலிருந்து கணக்கு ஓடத் தொடங்கும். "முதலில் கால் சுகமாகட்டும்" என்று இருந்து அந்தத் தவணையைத் தவறவிடுவது மிக இலகு.

ஆகவே விபத்து நடந்த அன்றே சில வேலைகள். வாகன இலக்கம், சாரதியின் பெயர், காப்புறுதி நிறுவனத்தின் பெயர் மூன்றையும் எழுதி எடுங்கள். வாகனத்தை நகர்த்த முன் படம் எடுங்கள். ஆஸ்பத்திரியில் "விழுந்துட்டார்" என்று சொல்லாதீர்கள், விபத்து என்றே பதியச் சொல்லுங்கள். அப்போதுதான் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கைக்கு வழி பிறக்கும். பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்துத் துண்டு, பில், ஓட்டோக் கூலி எல்லாவற்றையும் ஒரு பைலில் போடுங்கள். அடித்துவிட்டு ஓடிய வாகனத்தைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். அப்படியான விபத்துகளுக்குத் தேசிய வீதிப் பாதுகாப்புச் சபை ஊடாக நட்டஈடு கேட்க ஒரு ஏற்பாடு உண்டு.

செலவுக்குப் பயமா? ஆலோசனை கேட்பது வேறு, வழக்குப் போடுவது வேறு. ஆலோசனைக்கு ஒரு தடவை போய்வர ஒரு பின்னேரம் போதும். கட்டணத்தை முதலிலேயே கேளுங்கள், கொடுக்கும் காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள், வாசிக்காத எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள். வசதி இல்லாதவர்களுக்காகவே 1978ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுபடும் என்பதும் உண்மைதான். அதனால்தான் பல சட்டத்தரணிகளே முதலில் காப்புறுதி நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பிப் பேசிப் பார்க்கிறார்கள். பேசி முடிப்பதில் ஒரு பிழையும் இல்லை. எதைப் பேசுகிறோம் என்று தெரியாமல் முடிப்பதுதான் பிழை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சில இடங்களில் நம் பக்கத்தில்தான் பிழை. லைசன்ஸ் இல்லாத பிள்ளையிடம் மோட்டார் சைக்கிளைக் கொடுத்தது நாம். ஹெல்மட்டைக் கைப்பிடியில் கொழுவிக்கொண்டு போக விட்டதும் நாம். அப்படியான நேரத்திலும் சட்டத்தரணியிடம் போங்கள், ஆனால் உண்மையைச் சொல்லப் போங்கள். ஓடினவருக்குப் பதிலாக வேறொருவரைக் காட்டுவதும் பொய்ச் சாட்சி தேடுவதும் ஹராம். அதற்குத் துணைபோகும் சட்டத்தரணி நமக்குத் தேவையில்லை.

கடைசியாக, பள்ளி நம்பிக்கையாளர் சபைகளிடம் ஒரு வேண்டுகோள். சுல்ஹ் செய்து வைப்பது பெரிய நன்மை, அதை நிறுத்த வேண்டாம். இரண்டு நிபந்தனை மட்டும் வையுங்கள். காயத்தின் முடிவை டொக்டர் சொல்லும் வரை இறுதிக் கடிதம் எழுத வேண்டாம். எழுதிய கடிதத்தைச் சட்டத்தரணி ஒருவர் வாசிக்காமல் கையெழுத்து வாங்க வேண்டாம். நம் ஊர்களில் இப்போது சட்டத்தரணிகளுக்குக் குறைவில்லை. அவர்களும் மாதத்தில் ஒரு பின்னேரம் பள்ளியில் வந்து இருந்தால், அது அவர்களுக்கு ஸதக்கத்துல் ஜாரியாவாக இருக்கும். கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி, சாட்சி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஒரு மனிதனின் காலுக்கு அதைவிடக் குறைந்த கவனம் போதுமா?

எங்களைப் பொறுத்தவரை, இனி அப்படிக் கடிதம் எழுத யார் கூப்பிட்டாலும் பேனையை எடுக்க முன்னர் இரண்டு கேள்வி கேட்போம்: டொக்டர் என்ன சொன்னார்? சட்டத்தரணி பார்த்தாரா?

அந்த மகன் இன்னும் கடையில்தான் நிற்கிறான். பரீட்சைக்காவது தோற்ற வைக்க முயற்சி செய்கிறோம். துஆச் செய்யுங்கள். நம் வீதிகளில் போய்வரும் எல்லோரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.