தைலம் முதுகுக்கு... வண்டிக்கு?

அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி, பூந்தமல்லி பக்கம் 'குட்டி யானை' ஓட்டுகிறவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். "நல்ல தைலமா கொடுங்க டாக்டர்!" தைலம் தருவேன். கூடவே, "வண்டி எத்தனை வருஷத்துப் பழசு?" என்றும் கேட்பேன்.

டாடா ஏஸ் வந்தது 2005-ல். பழைய வண்டிகள் பல இன்னும் ஓடுகின்றன. அதன் கமான் பட்டை சரக்கின் எடையைத் தாங்கச் செய்தது. காலியாகத் திரும்பும்போது வளைந்து கொடுக்காது. குலுக்கல் எல்லாம் முதுகெலும்புக்குத்தான். நொடிக்கு 4 முதல் 8 தடவை மேலும் கீழும் தூக்கிப் போடும் அதிர்வுதான் உட்கார்ந்திருக்கும் உடம்பை அதிகம் வாட்டும். வாதத்தைக் கிளப்பும் காரணம் தினமும் தொடர்ந்தால், மருந்து என்ன செய்யும்?

வண்டி உங்களுடையதா? இதைச் செய்யுங்கள். டயரில் கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் காற்று வேண்டாம். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்தால் மாற்றுங்கள். பட்டை முனையில் தேய்ந்த புஷ்ஷையும், அமுங்கிப்போன சீட் ஃபோமையும் மாற்றுங்கள். மெத்தென்று ஓடட்டும் என்று பட்டையில் ஒன்றை உருவிவிடாதீர்கள். லோடு ஏற்றினால் ஆபத்து.

கால் மரத்தாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் என்றாலோ தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

ஓட்டுகிறவர் சம்பளக்காரர்தானே என்று தள்ளிப்போடாதீர்கள். வண்டிக்கு வேறு பட்டை கிடைக்கும். அவருக்கு வேறு முதுகு கிடைக்காது.